வாய் திறந்திருந்ததா?

அந்த டாக்டரம்மா யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார். வாயைப் பார்ப்பார். ராசிபுரம் கடைவீதியில் அவர் வருவது தெரிந்தால் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். மரியாதைக்குப் பொத்துகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை சேலம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்காகக் கை நீட்டியபோது, அவன் வாயையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "கீழே கடைவாய்ப் பல்லிலே சீழ் கோத்திருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா" என்றார்.

"வாரனுங்க. மொதல்ல டிக்கெட்டு வாங்குங்க" என்றான் அவன். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவன் மறுநாள் போனான் என்பதும் உண்மை.

இன்னொரு நாள் முன்பின் பார்த்திராத ஒரு பெரியவரிடம், "தறிக்காரரா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று அவர் வியந்துபோனார். "நூலைக் கடிச்சுக் கடிச்சு முன்பல்லிலே வாய்க்கால் வெட்டி வச்சிருக்கீரே" என்றார் டாக்டரம்மா.

அவர் தெற்கத்தியார். திருநெல்வேலி என்றவர்களும் உண்டு, நாகர்கோவில் என்றவர்களும் உண்டு. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. பெண்களையும் குழந்தைகளையும் பார்க்கத்தான் அவரை ராசிபுரம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஆனால் பல், தாடை என்று யார் வந்தாலும் பெரிய டாக்டர் அவர் பக்கம் தள்ளிவிடுவார். பெரிய டாக்டருக்குப் பல் வைத்தியம் என்றால் குறட்டால் பிடுங்குவது ஒன்றுதான். டாக்டரம்மாவோ ஆடுகிற பல்லைக்கூடப் பக்கத்துப் பல்லோடு பட்டு நூலால் கட்டி நிற்க வைக்கப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் அவரை "சாமி" என்பார்கள். "கும்பிடறனுங்க சாமி" என்று ஒருவர் கை கூப்பினால், "நான் சாமி இல்லே. வாயைத் தொற" என்பார். பேச்சில் ஒரு 'ங்க' கிடையாது. எங்கள் ஊரில் நாயை விரட்டும்போதுகூட 'ங்க' போடுவார்கள் என்று கேலி உண்டு. அப்படிப்பட்ட காதுகளுக்கு அவர் பேச்சு எப்படி இருந்திருக்கும்?

நான் அப்போது ராசிபுரத்தில் தங்கி ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காடும் வீடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆகவே காகிதம், சட்டம், இங்கிலீஷ், மருந்து எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அவர்கள் நம்புவதைப் பார்த்து நானும் கொஞ்சம் நம்பினேன்.

ஒரு மாசி மாதம் எங்கள் அண்ணனை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுக்கிணறு. தண்ணீர் இறைக்கிற முறை யாருடையது என்று கிணற்று மேட்டில் பேச்சு வளர்ந்து, பெரியப்பாவின் மகன் மண்வெட்டிக் காம்பால் அண்ணனின் முகத்தில் ஓங்கி அடித்துவிட்டார். அடி இடது பக்கம் மோவாயில். முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதி வைத்துவிட்டு, அங்கிருந்து ஒரு கான்ஸ்டபிளோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். செய்தி கேட்டு நானும் அங்கே ஓடினேன்.

வழியில் அந்தக் கான்ஸ்டபிள் எங்கள் அய்யனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்திருந்தார். வெறும் வீக்கமானால் சில்லறைக் கேஸ். பல் பெயர்ந்தாலோ எலும்பு முறிந்தாலோ கொடுங்காயம், ஆளை உள்ளே தள்ளலாம். அப்பாவைத்தான் நாங்கள் அய்யன் என்போம். எங்கள் அய்யன் வண்டியிலிருந்து குனிந்து, "எத்தனை பல்லுங்க வேணும்?" என்று கேட்டாராம்.

"ஒரு பல்லு போதும் கவுண்டரே."

அந்தச் சந்தோஷத்தோடு அய்யன் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். இதை நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டார் ஆள் பலம் உள்ளவர்கள். கோர்ட்டு ஒருமுறை அவர்களைத் தண்டித்துவிட்டால் நம் தண்ணீர் முறையில் கை வைக்கமாட்டார்கள் என்பதுதான் அய்யனுடைய கணக்கு. மகன் தாடையைவிட வழக்கு பெரிதாகத் தெரிந்ததா என்று கேட்டால், அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது என்றுதான் சொல்லுவேன்.

டாக்டரம்மா வந்தார். அடித்தது யார், எதற்கு, எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. அய்யன் சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"யார் அடிச்சதுன்னு எனக்கு வேண்டாம். எதாலே அடிச்சது?"

"மம்பட்டிக் காம்புங்க சாமி."

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கமுங்க."

"அடிக்கும்போது வாய் தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

எங்கள் பேச்சில் வாயைத் திறந்தான் என்றால் என்ன அர்த்தம்? முதலில் வம்புக்குப் போனவன், வைதவன் என்றுதான் அர்த்தம். கான்ஸ்டபிள் பென்சிலை எடுத்தார். அய்யனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எம்பையன் சாதுங்க. அவன் வாயே தொறக்கலீங்க!"

"தொறக்கலையா? நிச்சயமா?"

"எங்காத்தா மேல சத்தியமுங்க. கல்லு மாதிரி நின்னானுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அதாவது என் வாயைப் பார்த்தார். "நீ படிக்கிறவன்தானே? ஒங்கப்பாகிட்டே வெளங்கச் சொல்லு. வாய் தொறந்திருக்கும்போது அடி விழுந்தா ஒரு மாதிரி முறியும், பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்போது விழுந்தா வேற மாதிரி. அதுக்குத்தான் கேக்கேன்."

நான் அய்யனிடம் சொன்னேன். "அய்யா, அது வைத்தியத்துக்குக் கேக்கறாங்க."

அய்யன் என் காதுக்குள் சொன்னார்: "போலீசுக்காரனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எந்த வைத்தியண்டா இதக் கேப்பான்? உனக்குப் படிப்பு பத்தல."

எனக்கும் குழம்பிவிட்டது. பள்ளிக்கூடத்து உடல்நூலில் மண்டையோட்டுப் படம் ஒன்று உண்டு. அதன் வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று அன்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அண்ணனால் பேச முடியவில்லை. டாக்டரம்மா அவனை உட்காரவைத்து, தன் சுண்டுவிரல்கள் இரண்டையும் அவனுடைய இரண்டு காதுகளிலும் விட்டார். "மெல்லத் தொற. மூடு. தொற" என்றார்.

எங்கம்மாவுக்கு இது தாங்கவில்லை. "வாயில அடிபட்டவனுக்குக் காதுல வெரலை உடறாளே! இவகிட்டப் போயி கூட்டியாந்தீங்களே!" என்று மூலையில் நின்று முனகினார். அண்ணி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"கடி பாப்போம். பல்லு பழையபடி ஒண்ணோட ஒண்ணு சேருதா?"

அண்ணன் கடித்துப் பார்த்து இல்லை என்று தலையாட்டினான். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முன்னாலே ரெண்டு பல்லு ஆடுது. எலும்பு வலப்பக்கம் காதுக்குக் கீழே முறிஞ்சிருக்கு. வாய் தொறந்துதான் இருந்திருக்கு."

அய்யனுக்குத் தலையில் இடி. அடி இடது பக்கம். கிணற்று மேட்டில் இருந்த அத்தனை பேரும் இடது பக்கம் என்றுதான் சொல்லுவார்கள். முறிவு வலது பக்கம் என்று எழுதினால் எந்தக் கோர்ட்டு நம்பும்?

"சாமி, எடப்பக்கமுன்னு எழுதிருங்க. உங்க கொழந்த குட்டி நல்லா இருக்கும்."

"இடப்பக்கம்னு எழுதணுமா? அப்போ கட்டும் இடப்பக்கமே போட்டுவிடட்டா?"

அய்யன் விழித்தார். டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். புரியவைக்கலாம் என்று நினைத்தார். அங்கேதான் தவறு செய்தார். அண்ணியின் பக்கம் திரும்பி, "ஒரு கண்ணாடி வளையலைக் கழட்டிக் குடு. ஒரு பக்கம் அழுத்தினா இன்னொரு பக்கம் எப்படி ஒடையுதுன்னு காட்டுதேன்" என்றார்.

புருஷன் அடிபட்டுக் கிடக்கும்போது ஒரு பெண்ணிடம் வளையலைக் கேட்டு, உடைத்துக் காட்டுகிறேன் என்றால்! அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அம்மா முன்னால் பாய்ந்து வந்தார். "நாசமாப் போறவளே! எம்மருமவ கையில வளவி ஒடைக்கவா உன்னைய இங்க ஒக்கார வெச்சிருக்குது?"

டாக்டரம்மா திகைத்து நின்றார். வளையல் இல்லாத தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, புரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவர் வெட்கப்பட்டாரா, கோபப்பட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆடின பற்களைப் பட்டு நூலால் கட்டினார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் மெல்லிய வெள்ளிக் கம்பியால் சேர்த்து முறுக்கினார். மோவாயிலிருந்து உச்சந்தலைக்குத் துணிக்கட்டு. பார்க்க வந்த மாமன் ஒருவர், "கலியாணத்துக்கே நீ பருத்தி வேட்டிதான் கட்டுனே மாப்பிள்ளை. பல்லு பட்டு கட்டிக்கிச்சே!" என்றார். அண்ணன் சிரிக்க முடியாமல் கண்ணால் சிரித்தான்.

பல வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. கடைவாய்க்குப் பின்னால் உள்ள சந்து வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் அங்கேதான். அவர் சொல்வதை அய்யனுக்குச் சொல்லவும், அய்யன் சொல்வதை அவருக்குச் சொல்லாமல் விடவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அப்போது ஒரு நாள் தாடை வீங்கிய ஒரு பெண்ணைப் புருஷன் கூட்டிவந்தான். பால் கறக்கும்போது மாடு உதைத்துவிட்டது என்றாள். மாட்டின் குளம்பு அப்படி ஐந்து விரலாகப் பதியுமா என்று எனக்கே சந்தேகம். டாக்டரம்மா மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாய் தொறந்திருந்துச்சா?" என்றார். அவள் புருஷனை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆமாங்க சாமி, தொறந்துதான் இருந்துச்சு" என்றாள். கட்டுப் போட்டு முடித்ததும் அவர் அந்தப் புருஷனிடம், "தெனம் மூணு வேளையும் நீயே கஞ்சி காய்ச்சி, துணியிலே வடிகட்டி, ஸ்பூனாலே ஊத்தணும். வேற யாரும் ஊத்தினா பொரையேறிப் போவும்" என்றார்.

அவன் தலையை ஆட்டினான். வேறு யார் ஊற்றினாலும் புரை ஏறாது என்பது அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். அவர் அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்தாரா, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டாரா? அந்தப் புருஷன் அடுத்தடுத்த நாட்களில் கஞ்சிச் சட்டியோடு வந்து உட்கார்ந்து ஊற்றுவதைப் பார்த்தபோது ஒரு மாதிரியும், அவள் ஒவ்வொரு வாய்க்கும் அவனைப் பயந்து பார்ப்பதைப் பார்த்தபோது வேறு மாதிரியும் நினைத்தேன்.

இதற்கிடையே ஊரில் ஒரு பேச்சு. எதிராளி டாக்டரம்மாவுக்கு நெய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான், அதனால்தான் வலது பக்கம் என்று எழுதியிருக்கிறாள் என்று. அய்யன் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு தூக்கு நெய்யோடு வந்தார். டாக்டரம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "நல்ல நெய். கஞ்சியிலே ஊத்து, ஒடம்பு தேறணும்லா" என்று என்னிடமே தந்துவிட்டார். ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் ஒரு தூக்கு இருந்தது. முந்தின நாளிலிருந்து அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வேலைக்கார ஆயா கொடுத்தது, ஆஸ்பத்திரி நெய் என்று நினைத்திருந்தேன்.

அய்யன் அந்தத் தூக்கைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பெரியப்பாவின் பேர் வெட்டியிருந்தது.

"அடேய், பங்காளி நெய்யையாடா குடிச்சே?"

அண்ணன் கட்டின வாயோடு கண்ணை உருட்டினான். டாக்டரம்மாதான் பதில் சொன்னார்: "அவனுக்கு என்ன தெரியும்? நெய்க்குப் பேரா எழுதியிருக்கு?"

பெரியப்பாவின் மகன் அதை டாக்டரம்மாவுக்குக் கொண்டுவந்தாரா, அண்ணனுக்கே கொண்டுவந்தாரா? இதை நான் பிறகு அவரிடமே கேட்டேன். "கொண்டாந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

வழக்கு நாமக்கல்லில் விசாரணைக்கு வந்தபோது அண்ணனின் வாய்க்கட்டு பிரியவில்லை. எங்கள் வக்கீல் வந்து சொன்னார்: அடிபட்டவன் தன் வாயால் சொல்லாவிட்டால் கேஸ் நிற்காது. அவனுக்கு எழுதவும் தெரியாது. கம்பியை ஒரு நாள் அவிழ்த்துவிட்டு மறுநாள் கட்டிக்கொள்ளலாமே?

"கோர்ட்டுக்கு நாக்கு வேணும். எனக்குத் தாடை வேணும்" என்றார் டாக்டரம்மா. "இப்போ அவுத்தா எலும்பு கோணிச் சேரும். அப்புறம் இவன் சாவுற வரைக்கும் கஞ்சிதான். இவன் வாயைத் தொறக்கக்கூடாது."

அய்யன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா? மொதல்ல வாயத் தொறந்தான்னு சொன்னா. இப்ப வாயத் தொறக்கக்கூடாதுங்கறா. அந்தப் பக்கத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்? நான் குறட்டை வாங்கியாந்து கம்பியை நறுக்கிப்போடறேன்."

"அய்யா, தாடை போயிருமுங்க."

"தண்ணி போச்சுன்னா தாடைய வெச்சு என்னத்தடா மெல்றது?"

நான் உள்ளே போனபோது அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அய்யன் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கும். இரண்டு கைகளாலும் தாடையைப் பொத்திக்கொண்டிருந்தான். அய்யனும் என் பின்னாலேயே வந்து அதைப் பார்த்தார். பிறகு குறட்டைப் பற்றிப் பேசவில்லை.

கோர்ட்டில் டாக்டரம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் குஷியாக எழுந்தார். "அடி விழும்போது இவர் வாய் திறந்திருந்தது என்று சொல்லுகிறீர்கள்?"

"ஆமா."

"அப்படியானால் இவர் முதலில் வைதிருக்கிறார்?"

"அது எனக்குத் தெரியாது. கொட்டாவி விட்டாலும் வாய் தொறக்கும். தும்மினாலும் தொறக்கும். ஒம்ம வாயும் இப்போ தொறந்துதான் இருக்கு."

கோர்ட்டு சிரித்தது. அடி இடது பக்கம், முறிவு வலது பக்கமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். டாக்டரம்மா கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலை எடுத்தார். கடையில் வாங்கியது போலும். ஒரு பக்கத்தை மேஜையில் ஊன்றி இன்னொரு பக்கத்தை அழுத்தினார். படக்கென்று உடைந்து துண்டு மாஜிஸ்திரேட்டின் மடியில் விழுந்தது. எங்கே உடைந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. ஆனால் கட்டுப் பிரியும்வரை வாய்தா போட்டார். டாக்டரம்மா எங்களுக்காகச் சொன்னாரா, எதிராகச் சொன்னாரா என்று தெரியாமல் அய்யனும் பெரியப்பா மகனும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இருவர் வாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கட்டுப் பிரிந்த பிறகு அண்ணன் கூண்டில் ஏறினான். அய்யன் சொல்லிக்கொடுத்ததை ஒன்றும் சொல்லவில்லை.

"நாந்தானுங்க மொதல்ல வைஞ்சேன். அவங்காத்தாளைச் சொல்லி வைஞ்சேன். அதுக்குத்தான் அடிச்சாரு. ஆனா, தண்ணி மொறை எங்களுதுதானுங்க. அதுல பொய்யில்ல."

பெரியப்பாவின் மகன் எதிர்க்கூண்டில் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல்கள் பேசி, மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு வழக்கு ராஜியாயிற்று. அடித்தவர் தண்ணீர் முறை எங்களுடையது என்று கோர்ட்டில் சொல்லி, அண்ணனின் கையைப் பிடித்தார். வழக்கு போனது, முறை நின்றது. அய்யனுக்குச் சந்தோஷப்படுவதா திட்டுவதா என்று புரியவில்லை. வண்டியில் வரும்போது, "ஏண்டா உண்மையச் சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

"அத்தன நாளு பேசாமக் கெடந்தனுங்களா, பொய்யி சொல்ற பழக்கம் உட்டுப் போச்சுங்க" என்றான் அண்ணன்.

நான் ராசிபுரம் திரும்பியதும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ராஜியானது, பங்காளிகள் கைகொடுத்துக்கொண்டது, அண்ணன் உண்மையைச் சொன்னது எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரி. எந்தப் பக்கமா மெல்லுதான்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் கூடவே இருந்து கஞ்சி ஊற்றியவன் நான். அவன் மெல்லுவதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். உள்ளே யாரோ கத்தினார்கள், போய்விட்டார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் வறுத்த நிலக்கடலையைக் குத்துக் குத்தாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் மென்றான், நிறுத்தினான், மறு பக்கம் தள்ளினான். தோல் ஊதி மறுபடி போட்டான்.

"என்றா, மாடு அசை போடறதப் பாக்கற மாதிரி பாக்கறே? உனக்கும் வேணுமா?"

"நீ தின்னு. நல்லாத் தின்னு."

ராசிபுரம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது என்று வழியிலேயே ஆயா சொல்லியிருந்தாள். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, "கெழக்கயோ தெக்கயோ போச்சு சாமி" என்றாள். ஆனாலும் என் கால்கள் நேரே அந்த மேஜை வரை போய்விட்டன.

"என்னப்பா, என்ன உபத்திரவம்?" என்றார் புது டாக்டர். என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பக்கமும் மெல்றாருங்க."

"யாரு?"

"எங்கண்ணனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பவுண்டரைப் பார்த்தார்.